பூமியின் உட்கருவும் நிலநடுக்கப் பதிவேடுகளும்

(ஸ்ரீவைகுண்டத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரும்பைப் பற்றிய பேச்சு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-இல் பெர்லின் நகரத்து ஜாகோரும், பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டியபோது, தாழிகளோடு இரும்புக் கருவிகளும் நிறையக் கிடைத்தன. இங்கிருந்து கிட்டத்திலுள்ள சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில் தெரிவித்தது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பதும் இரும்புதான். ஆனால் அந்த இரும்பை எந்த மண்வெட்டியும் தொட முடியாது. நாம் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து நேர் கீழே 5,150 கிலோமீட்டர் போனால் தொடங்குகிற பூமியின் உட்கரு அது.

அந்த உட்கரு வளர்கிறது, நகரவும் செய்கிறது. இவ்விரண்டையும் மனிதர்கள் எவ்வாறு அறிந்தார்கள் என்பதே இன்றைய பொருள். இதில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே பதிவுகளை ஒழுங்காக எழுதி, பல பத்தாண்டுகள் அழியாமல் காத்து வைத்தவர்களால்தான் இந்த அறிவு நமக்குக் கிடைத்தது.

1. கீழே இருப்பது என்ன?

பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மேலே மெல்லிய மேலோடு. அதன் கீழே சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை பாறையாலான கவசம். அதற்கும் கீழே உருகிய இரும்பும் நிக்கலும் கலந்த வெளிக்கரு. அதன் தடிமன் சுமார் 2,260 கிலோமீட்டர். எல்லாவற்றுக்கும் நடுவில், 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள திட இரும்புக் கோளமாக உட்கரு இருக்கிறது. நிலாவின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு அது. பூமியின் மையத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல் 36 லட்சம் மடங்கு. வெப்பமோ சூரியனின் மேற்பரப்பு வெப்பத்துக்கு அருகில் நிற்கிறது.

மனிதர்கள் தோண்டிய துளைகளிலேயே ஆழமானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. 1970-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் தோண்டியும் அது 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. உட்கருவுக்குப் போகும் வழியில் அது நானூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அங்கிருந்து செய்தி கொண்டுவர நிலநடுக்க அலைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பெரிய நிலநடுக்கம் ஒன்று உலகின் ஒரு மூலையில் நேர்ந்தால், அதன் அலைகள் பூமிக்குள் ஊடுருவி மறுபக்கத்தில் வெளிவருகின்றன. முதன்மை அலைகள் திடப்பொருளிலும் திரவத்திலும் செல்லும். இரண்டாம் அலைகள் திடப்பொருளில் மட்டுமே செல்லும். எந்த அலை எந்த நேரத்தில் வந்தது, எது வராமலே போனது என்று பார்த்துப் பார்த்துத்தான் பூமியின் உள்ளமைப்பு முழுவதும் வரையப்பட்டது.

2. அசாமிலிருந்து கோபன்ஹேகன் வரை

இந்த வரலாற்றின் முதல் ஏட்டில் இந்தியா இருக்கிறது. 1897 ஜூன் 12-இல் அசாமைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று உலுக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராய்ந்து 1899-இல் விரிவான அறிக்கை எழுதினார். ஐரோப்பாவில் இருந்த கருவிகள் அந்த அதிர்வைப் பதிவு செய்திருந்தன. அப்பதிவுகளில் முதன்மை அலை, இரண்டாம் அலை, மேற்பரப்பு அலை என்ற மூன்றையும் அவர் தனித்தனியே பிரித்தறிந்தார். அலைகள் பூமியின் நடுப்பகுதியைக் கடக்கும்போது தாமதப்படுவதைக் கொண்டு, பூமிக்கு ஒரு கரு உண்டு என்று 1906-இல் நிறுவினார். அந்தக் கருவின் எல்லை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது என்று பெனோ குட்டன்பெர்க் 1914-இல் கணித்தார். அது திரவம் என்று ஹெரால்ட் ஜெஃப்ரிஸ் 1926-இல் காட்டினார்.

அசாம் பேரழிவுக்குப் பிறகுதான் நம் நாட்டிலும் நிலநடுக்க ஆய்வகங்கள் எழுந்தன. 1898 டிசம்பர் 1-இல் கல்கத்தாவின் அலிப்பூரிலும், அதைத் தொடர்ந்து பம்பாயிலும் கோடைக்கானலிலும் அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. தமிழ் மண்ணில் நிலநடுக்கப் பதிவேடு எழுதத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது.

உட்கருவைக் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டுப் பெண் அறிஞர் இங்கே லேமன். திரவக் கரு அலைகளை வளைத்துவிடுவதால், நிலநடுக்கத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் முதன்மை அலைகள் நேராக வந்து சேராத நிழற்பகுதி ஒன்று உண்டு. 1929 ஜூன் மாதம் நியூசிலாந்தில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளை லேமன் பார்த்தபோது, அந்த நிழற்பகுதிக்குள் மெல்லிய அலைகள் வந்திருந்தன. கருவுக்குள் வேறொரு கரு இருந்து, அதன் பரப்பில் பட்டுத் திரும்பினாலொழிய அவை அங்கே வர வழியில்லை. 1936-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய தோட்டத்து மேசையில் ஓட்ஸ் அட்டைப்பெட்டிகள் நிறைந்திருந்ததையும், உலகெங்கிலும் அலைகள் வந்த நேரங்களை அட்டைகளில் எழுதி அவர் அவற்றில் அடுக்கி வைத்திருந்ததையும் உறவினர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கணினி இல்லாத காலத்தில் பூமியின் மையத்தைக் கண்டுபிடிக்க அந்த அட்டைகள் போதுமானவையாக இருந்தன.

உட்கரு திடமானது என்பதற்கு வலுவான சான்று 1971-இல் வந்தது. பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும் பல நாட்கள் மெல்ல விரிந்து சுருங்கி அதிர்ந்துகொண்டிருக்கும். ஆடம் ஜிவோன்ஸ்கியும் ஃப்ரீமன் கில்பெர்ட்டும் அந்த அதிர்வுகளின் காலஅளவை ஆராய்ந்து, நடுவே திடக்கோளம் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும் என்று நிறுவினார்கள். நம் கரையோர மக்களின் உயிர்களைக் கொண்டுபோன 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கமும் பூமியை இவ்வாறே அதிர வைத்தது. சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பூமி முழுதும் விரிந்து சுருங்கும் அந்த அசைவு, நுண்கருவிகளில் பல வாரங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

3. வளரும் உட்கரு

பூமி மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. குளிரும்போது உருகிய இரும்பு உறைகிறது. மிக வெப்பமான இடம் மையம்தானே, அங்கே எப்படி முதலில் உறையும் என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அழுத்தம் கூடக் கூட இரும்பின் உருகுநிலையும் ஏறும். மையத்தை நோக்கிச் செல்லும்போது வெப்பம் கூடுவதைவிட வேகமாக உருகுநிலை கூடுகிறது. அதனால்தான் உறைதல் மையத்தில் தொடங்கி வெளிநோக்கிப் பரவுகிறது.

தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி நீர் வற்றும்போது உப்பு படிகமாக இறங்கிவிடும். மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் தனியே நின்றுவிடும். உட்கருவின் எல்லையிலும் இத்தகைய பிரிவினை நடக்கிறது. இரும்பு படிகமாகி உட்கருவில் சேர்கிறது. அதோடு கலந்திருந்த ஆக்சிஜன், கந்தகம் போன்ற எடை குறைந்த தனிமங்களில் பெரும்பங்கு திரவத்திலேயே தங்கி மேலெழுகிறது. அந்த எழுச்சியும், உறையும்போது வெளிப்படும் வெப்பமும் வெளிக்கருவின் உருகிய இரும்பை ஓயாமல் கலக்குகின்றன. அந்த ஓட்டமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்துதான் பூமியின் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன.

வளர்ச்சியின் வேகம் ஆரத்தில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. இதை யாரும் நேரே அளந்ததில்லை. கருவிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கொண்டு கணக்கிட்டது. 1,220 கிலோமீட்டர் என்பது 122 கோடி மில்லிமீட்டர். வேகம் என்றும் ஒன்றாகவே இருந்திருந்தால் உட்கருவின் வயது 122 கோடி ஆண்டு ஆகும். ஆனால் சிறியதாக இருந்த காலத்தில் ஆரம் விரைவாகக் கூடியிருக்கும் என்பதாலும், வெப்பக் கணக்கில் ஐயங்கள் உள்ளதாலும், வயதைப் பெரும்பாலும் 50 கோடி முதல் 150 கோடி ஆண்டு வரை என்று சொல்கிறார்கள். பூமியின் வயது 454 கோடி ஆண்டு. ஆகவே பூமி தன் வாழ்நாளில் நெடுங்காலம் உட்கரு இல்லாமலேயே இருந்திருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கை நம் ஊர்க் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சிவகளையின் கி.மு. 3345-ஐ ஏற்றுக்கொண்டால், அன்று இரும்பைக் கையாண்டவர்களின் காலம் தொட்டு இன்றுவரை உட்கருவின் ஆரம் சுமார் ஐந்து மீட்டர் கூடியிருக்கும்.

இந்த வளர்ச்சி எல்லாப் பக்கமும் சமமாக இல்லை. உட்கருவின் கிழக்குப் பாதியிலும் மேற்குப் பாதியிலும் அலைகள் வெவ்வேறு வேகத்தில் செல்வதை 1997-இல் தனகாவும் ஹமகுச்சியும் காட்டினார்கள். வடக்குத் தெற்காகச் செல்லும் அலைகள் குறுக்கே செல்பவற்றைவிட விரைவாகக் கடக்கின்றன என்பது அதற்கு முன்பே 1980-களில் தெரிந்திருந்தது. இவற்றை விளக்க டேனியல் ஃப்ராஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் ஒரு கணிப்பை முன்வைத்தனர். இந்தோனேசியாவின் பாண்டா கடலுக்கு நேர் கீழே உள்ள பக்கம் விரைவாகவும் பிரேசிலுக்குக் கீழே உள்ள பக்கம் மெதுவாகவும் உறைகின்றன. ஈர்ப்பு அந்த வேறுபாட்டைச் சமன் செய்து கோளத்தை உருண்டையாக வைத்திருக்கிறது என்பது அவர்கள் கருத்து. நமக்கு நேர் கீழே இருப்பது கிழக்குப் பாதி.

4. நகரும் உட்கரு

உட்கருவைச் சுற்றிலும் திரவம் இருப்பதால் அது கவசத்தோடு இறுகப் பிணைந்திருக்கவில்லை. வெளிக்கருவின் காந்த விசை அதைச் சுழற்றப் பார்க்கிறது. கவசத்தின் ஈர்ப்பு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இந்த இழுபறியில் உட்கரு கவசத்தைவிடச் சற்று முந்தியோ பிந்தியோ சுழலக்கூடும்.

இதற்கு அலைச் சான்று இருப்பதாக 1996-இல் சியாடோங் சாங், பால் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் அறிவித்தார்கள். தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு சாண்ட்விச் தீவுகளருகே நேரும் நிலநடுக்கங்களின் அலைகள் உட்கருவைக் கடந்து அலாஸ்காவை அடைகின்றன. அங்கே காலேஜ் என்ற இடத்து நிலையத்தில் 1967 முதல் 1995 வரை சேர்ந்த பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் உட்கருவைக் கடந்த அலையையும், அதை ஒட்டி வெளிக்கருவை மட்டும் கடந்த அலையையும் ஒப்பிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குள் உட்கருவைக் கடந்த அலை ஏறத்தாழ 0.3 வினாடி முன்னதாக வரத் தொடங்கியிருந்தது. உட்கரு கவசத்தைவிட ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை முந்திச் சுழல்கிறது என்பது அவர்கள் முடிவு.

நிலநடுக்கங்களின் இடம் சற்று மாறியிருந்தாலே இந்தச் சிறு வேறுபாடு வந்துவிடாதா என்ற கேள்வி உடனே எழுந்தது. நியாயமான கேள்வி அது. விடை இரட்டை நிலநடுக்கங்களில் கிடைத்தது. ஒரே பிளவின் ஒரே இடம் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே அளவில் அசைந்தால், இரண்டு பதிவுகளும் வளைவுக்கு வளைவு ஒத்திருக்கும். அப்படிப்பட்ட 18 இரட்டைகளைத் தேடி எடுத்து 2005-இல் சாங், ரிச்சர்ட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். அவற்றில் புகழ்பெற்றது 1993-இலும் 2003-இலும் நேர்ந்த இரட்டை. மற்ற அலைகளெல்லாம் அச்சொட்டாக ஒத்திருக்க, உட்கருவைக் கடந்த அலை மட்டும் மாறியிருந்தது. மாற்றம் நடந்த இடம் உட்கருதான் என்பது உறுதியாயிற்று. சுழற்சி வேகத்தின் மதிப்பு ஆண்டுக்கு 0.3 முதல் 0.5 பாகை என்று குறைந்தது.

அடுத்த ஆண்டே லியான்சிங் வென் அதே 1993, 2003 இரட்டையை வேறு விதமாக வாசித்தார். மத்திய ஆப்பிரிக்காவுக்குக் கீழே உட்கருவின் பரப்பு பத்தாண்டில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்றார். ஒரே சான்று, ஒருவர் சுழற்சி என்கிறார், மற்றவர் பரப்பின் மாற்றம் என்கிறார். அறிவியல் இந்த இடத்தில் தடுமாறிவிட்டதாக எண்ண வேண்டாம். இருவரும் ஒரே பதிவை வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதால்தான் வழக்கைத் தீர்க்கும் வாய்ப்பு இருந்தது.

2022-இல் வெய் வாங், ஜான் விடாலே ஆகியோர் அமெரிக்கா 1969-இலும் 1971-இலும் அம்சிட்கா தீவில் நிலத்தடியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் பதிவுகளை எடுத்து, உட்கரு ஆறாண்டு அளவில் முன்னும் பின்னும் ஊசலாடுவதாகக் கணித்தனர். 2023 ஜனவரியில் யீ யாங்கும் சாங்கும், 2009-ஐ ஒட்டி உட்கருவின் முந்திய சுழற்சி ஏறக்குறைய நின்றுவிட்டது என்றும், 1970-களின் தொடக்கத்திலும் இதுபோன்ற திருப்பம் இருந்தது என்றும், இது சுமார் எழுபது ஆண்டுச் சுழல் என்றும் எழுதினர். அப்போது பூமியின் மையமே நின்றுவிட்டதாகச் செய்திகள் பரவி மக்கள் அஞ்சினார்கள். அஞ்ச ஒன்றுமில்லை. உட்கரு நாள்தோறும் பூமியோடு சேர்ந்து சுழன்றுகொண்டேதான் இருக்கிறது. கவசத்தைவிட முந்துவதா, பிந்துவதா என்ற நுண்ணிய வேறுபாடு மட்டுமே இங்கே பேசப்படுகிறது.

2024-இல் வாங், விடாலே குழுவினர் 1991 முதல் 2023 வரை தெற்கு சாண்ட்விச் தீவுகளருகே மீண்டும் மீண்டும் வந்த 121 நிலநடுக்கங்களை ஆராய்ந்தனர். ஓர் ஆண்டில் மாறிய அலைவடிவம் பல ஆண்டுகள் கழித்துப் பழைய வடிவுக்கே திரும்பியிருந்தது. உட்கரு முன்பிருந்த நிலைக்குத் திரும்பி வந்ததன் அடையாளம் அது. 2003 முதல் 2008 வரை முந்திச் சுழன்ற உட்கரு, அதன்பின் இரண்டு மூன்று மடங்கு மெதுவாக அதே வழியில் பின்வாங்கிவருகிறது என்று காட்டினர். 2025-இல் விடாலே குழுவினர் மற்றொன்றையும் சேர்த்தனர். நிலை ஒத்திருக்கும் ஆண்டுகளிலும் சில பதிவுகளில் சிறு மாற்றம் எஞ்சியது. அது உட்கருவின் மேற்பரப்பை ஒட்டிய மாற்றமாக இருக்க வேண்டும். 2006-இல் எழுந்த வழக்கில் இரு தரப்புக்கும் இடமிருக்கிறது என்பது இன்றைய நிலை.

5. பதிவு காத்தவர்கள்

இந்த முடிவுகளுக்கு ஆதாரமான கருவிகள் எதுவும் உட்கருவை ஆராய்வதற்காக வைக்கப்பட்டவை அல்ல. 1960-களில் உலகெங்கும் ஒரே தரத்தில் நிறுவப்பட்ட சுமார் 120 நிலையங்களின் வலையில் நம் கோடைக்கானலும் ஒன்று. கனடாவின் யெல்லோநைஃப் கருவித் தொகுதி அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க எழுந்தது. விடாலே குழுவினரின் அண்மைய ஆய்வுகளில் அதன் பதிவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே வகைத் தொகுதி ஒன்று 1965-இல் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நிறுவப்பட்டு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில் இயங்கிவருகிறது. போருக்கு அஞ்சி எழுதிய பதிவு, பூமியின் மையத்தைக் காட்டும் சான்றாக மாறியிருக்கிறது.

நம் தாமிரபரணிக்கும் இதில் பங்குண்டு. அந்த ஆறு பிறக்கும் பொதிகையின் அகத்தியமலை உச்சியில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன் 1855-இல் ஒரு காந்த ஆய்வகத்தை அமைத்தார். மலைமேலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஊசியின் அசைவை ஒரே நேரத்தில் குறித்து ஒப்பிடுவது அவர் நோக்கம். அந்த அளவீடுகள் 1874-இல் நூலாக வந்தன. இன்று இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. புவிக்காந்த நடுக்கோடு நம் பகுதியை ஒட்டிச் செல்வதே அது இங்கே அமைந்ததற்குக் காரணம். கட்டின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி இந்தக் கோட்டில் எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும். கோட்டின் மேல், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், பகல் நேரத்தில் வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் இதை ஆராயத்தான்.

அந்தக் கோட்டை வரைவது வெளிக்கருவின் ஓட்டம். அது நிலையாக நிற்காமல் ஆண்டுதோறும் இடம் மாறிக்கொண்டே இருப்பதும் அதனால்தான். அந்த ஓட்டத்துக்கு விசை தருவது உட்கருவின் வளர்ச்சி. ஆக, ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே இரும்பு உறைவதற்கும், நம் வானத்தில் மின்னோட்டம் பாய்வதற்கும் தொடர்பு இருக்கிறது. இதை அளப்பவர்கள் நமக்குப் பக்கத்து ஊரில் அன்றாடம் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

6. மாணவர்களுக்கு

நான் இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்க விரும்புகிறேன். முதலாவது, பழைய பதிவுகளைக் காப்பது. உலகெங்கும் நிலநடுக்கத் தாள்களும் படச்சுருள்களும் மங்கி வருகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிக் காப்பது புதிய கருவி வாங்குவதற்கு நிகரான அறிவியல் பணி. 1967-இன் பதிவை அலாஸ்காவில் யாரோ குப்பையில் போட்டிருந்தால் 1996-இன் கண்டுபிடிப்பே இல்லை. மழைமானிக் குறிப்பாகட்டும், அணைக்கட்டின் நீர்மட்டக் கணக்காகட்டும், உங்கள் கைக்கு வரும் எந்தப் பதிவேட்டையும் விடுபடாமல் எழுதுங்கள், பழையதை எறியாதீர்கள்.

இரண்டாவது, இந்தத் துறைக்குள் வாருங்கள். எழுபது ஆண்டுச் சுழல் என்ற கணிப்பு சரியானால், 1970-களின் தொடக்கத்திலும் 2009-ஐ ஒட்டியும் நேர்ந்த திருப்பத்துக்கு அடுத்தது 2040-களின் நடுவில் வர வேண்டும். சரியில்லை என்றால் வராது. இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அதுவரை தெற்கு சாண்ட்விச் தீவுகளில் நிலம் அசைந்துகொண்டேதான் இருக்கும்; கருவிகள் எழுதிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பதிவுகளை வாசித்து இந்தக் கணிப்பு நிற்குமா, விழுமா என்று தீர்ப்புச் சொல்ல இயற்பியலும் கணிதமும் கற்றவர்கள் வேண்டும். அவர்களில் சிலர் இந்த அவையிலிருந்து வர வேண்டும் என்பதே என் ஆசை.